விழப் பழகிய செவ்வாய்

“பேசாத பிள்ளை நீதானா?”

நடமாட முடியாத பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கக் கிண்ணியாவிலிருந்து வந்த பரீதா மிஸ் முதன்முதலாக என்னிடம் கேட்டது இதுதான். எனக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று பழகியிருந்தேன். இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. அம்மாதான் ஓடிவந்து, பாயில் கிடந்த தம்பியைக் காட்டினார். இரண்டு வயதாகியும் பேச்சு வராத, உட்காரவும் தெரியாத அவனுக்குச் சிவகுருநாதன் என்று பெயர். அவனில் அந்தப் பெயர் மட்டும்தான் நிமிர்ந்து நின்றது.

அன்றிலிருந்து செவ்வாய்தோறும் மிஸ் எங்கள் ஊரான சாம்பல்தீவுக்கு வந்தார். சோதனைச் சாவடியில் அவருடைய பையிலிருந்த கிலுகிலுப்பையை ஆமிக்காரர் ஒவ்வொருவராகக் குலுக்கிப் பார்த்துத்தான் விடுவார்களாம். “அவங்களும் புள்ளைகள்தானே,” என்பார். ஊசி இல்லை, மருந்து இல்லை. தம்பியைக் குளிப்பாட்டும்போது எப்படிப் பிடிப்பது, சோறூட்டும்போது எப்படி இருத்துவது என்று எங்களுக்குக் காட்டித்தருவார், எங்களையே செய்யவிட்டுப் பார்ப்பார், போய்விடுவார்.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. மீன்பிடிக்கக் கடலுக்குப் போகத் தடை இருந்ததால், வீட்டிலிருந்து குறை பிடிப்பதுதான் அப்போது அவருடைய தொழில்.

“வேலையெல்லாம் நாங்க செய்யிறதெண்டா இவ என்னத்துக்கு? வாற செவ்வாய் இவன் நிமிர்ந்து இருக்கவேணும். இல்லாட்டி இனி வரவேண்டாமெண்டு நானே சொல்லிப்போடுவன்.”

அம்மா பயந்துபோனார். மிஸ் வந்தபிறகுதான் தம்பி தலையையே தூக்கியிருந்தான். அந்தச் செவ்வாய் அவனுக்கு அப்பாவின் சேர்ட்டைப் போட்டு, அவனுக்குப் பின்னால் என்னை இருத்தி, முதுகைத் தாங்கும்படி என் கையைச் சேர்ட்டுக்குள் விட்டார். தம்பி மந்திரிபோல் வீற்றிருந்தான். அப்பா வாசலில் நின்று பார்த்தார்.

மிஸ் வந்தார். தம்பியைப் பார்த்தார். பிறகு, முழங்கைவரை காணாமல்போயிருந்த என் கையைப் பார்த்தார்.

“கையை எடு புள்ள.”

“விழுந்திடுவான் மிஸ்.”

“விழட்டும். பாய்தானே.”

எடுத்தேன். தம்பி ஆடினான், சரிந்தான். சரியும்போது வலது கையைப் பாயில் ஊன்றினான். அதன்பிறகுதான் கவிழ்ந்தான்.

மிஸ் கைதட்டினார்.

“விழுந்ததுக்கோ கைதட்டுறீங்க?” அப்பா உள்ளே வந்தார். “நல்ல வைத்தியம்! இதுக்கோ படிச்சனீங்க?”

“போன கிழமை தேங்காய் மாதிரி முகங்குப்புற விழுந்தான். இண்டைக்குக் கை முன்னுக்கு வந்திச்சு, கண்டீங்களா? கை வந்தாத்தான் பயம் போகும். பயம் போனாத்தான் இருப்பான். நம்பாட்டி மெல்லத் தள்ளிப் பாருங்க.”

அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார். தம்பியை நிமிர்த்தி, ஒரு விரலால் தள்ளினார். வலது கை வந்தது. மற்றப் பக்கம் தள்ளினார். இடது கை பிந்திவிட்டது. பாயைத் தாண்டிச் சீமெந்துத் தரையில் நெற்றி இடிபட, தம்பி வீரிட்டான்.

“பிள்ளையைத் தள்ளுறீங்களோ, வள்ளம் தள்ளுறீங்களோ?” என்று அம்மா பாய்ந்து தூக்கினார்.

அழுகை அடங்கியதும் மிஸ் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பாவிடம் கேட்டார்:

“அப்ப, அடுத்த செவ்வாய் நான் வரவா, வேணாமா?”

அப்பா அறைக்குள் போனார். தன்னுடைய பஞ்சு மெத்தையை இழுத்துவந்து, பாயின் இடது பக்கத்தில் போட்டார். மெத்தையைக் காலால் தள்ளி, சீமெந்து தெரிந்த இடத்தை மூடினார். பிறகு ஒருவரையும் பார்க்காமல் படலையைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார்.