கடைசி வண்டிக்குள் மழை

மழைக்காரிக்கு ஆலை தரவேண்டிய பாக்கி முப்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பதினைந்து. ஏழு மாதச் சம்பளமும் அதற்கு முந்தின வருஷத்துப் போனஸும் சேர்ந்த தொகை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். வாடகை கேட்டு வாசலில் வந்து நின்ற வீட்டுச் சொந்தக்காரரிடமும் அதையே சொல்லிச் சொல்லி, அவருக்கும் அது மனப்பாடம் ஆகிவிட்டது. "தொகையெல்லாம் சரிதாம்மா, அது உன் கைக்கு எப்ப வரும்னு சொல்லு. இந்த மாசக் கடைசிக்கு மேல என்னால பொறுக்க முடியாது" என்றார்.

மழைக்காரி என்பது பார்த்த வேலையால் வந்த பெயர். அந்த ஆலையில் நகரத்துக்கான பஸ் கட்டினார்கள். தகடு அடித்துக் கூரை மூடியதும், சீட்டும் உள்கூரையும் போடுவதற்கு முன்னால், வண்டியை ஒரு கூடத்துக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவார்கள். நாலு பக்கமும் தலைக்கு மேலும் குழாய்கள். திறந்துவிட்டால் ஒரு மழைக்காலம் முழுவதையும் அந்த வண்டி நின்ற இடத்திலேயே பார்த்துவிடும். அந்த நேரம் உள்ளே ஓர் ஆள் டார்ச்சும் சாக்பீஸுமாக இருந்து, எங்கே சொட்டுகிறதோ அங்கே வட்டம் போட வேண்டும். வட்டம் போட்ட வண்டி அடுத்த ஷெட்டுக்குப் போகாது. வண்டி வாங்க வருகிற போக்குவரத்து அலுவலகத்துக்காரர்கள் பிரேக்கைப் பார்ப்பார்கள், இன்ஜினைப் பார்ப்பார்கள். மழைக்கு மட்டும், "அந்த அம்மா பார்த்தாச்சா?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

அவள் முதன்முதலில் வந்தபோது அங்கே ஆலை என்று ஒன்றும் இல்லை. லாரி பழுதுபார்க்கிற கொட்டகை ஒன்றுதான் இருந்தது. இரும்புத்தூள் கூட்டுவதற்குத்தான் வந்தாள். முதலாளி அப்போது தானே வெல்டிங் கண்ணாடி மாட்டிக்கொண்டு வேலை செய்வார். ஒருநாள் பழைய லாரியின் அடிச்சட்டத்தைத் தரையில் போட்டு, "இதுல ஒரு பஸ் கட்டப்போறேன்" என்றார். கேட்டவர்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் தினமும் காலையில் துடைப்பத்தோடு வரும்போது அந்தச் சட்டத்தின்மேல் ஏதோ ஒன்று கூடியிருக்கும். முதலில் நாலு தூண். பிறகு விலா எலும்பு மாதிரி வளைந்த கம்பிகள். பிறகு தோல் போர்த்தின மாதிரித் தகடு. ஜன்னல், கதவு, படி. கடைசியில் ஒருநாள் அது கண் திறந்த மாதிரி இரண்டு விளக்கும் எரிந்தது. அன்றைக்கு அவள் கூட்டுவதை மறந்து நின்றுவிட்டாள். கோயில் யானை அளவுக்கு ஒன்றை மனுஷன் கையால் செய்துவிட்டானே, நேற்று இந்த இடத்தில் வெறும் தரைதானே இருந்தது என்ற அந்தத் திகைப்பு அவளை விட்டுப் பிறகு போகவே இல்லை. ஒரு நாளைக்கு மூன்று வண்டி வெளியே போன காலத்திலும், ஒவ்வொன்றும் வாசலைத் தாண்டும்போது அவளுக்கு மயிர்க்கூச்செறியும்.

கொட்டகை ஷெட்டானது, ஷெட்டு நாலானது. ஊரில் எந்தத் தெருமுனையில் நின்றாலும் அவர்கள் வண்டிதான் வரும். ஒரு மழை நாளில் அவள் அப்படி ஒன்றில் ஏறினாள். எள் விழ இடமில்லை. வெளியே வானமே கிழிந்து கொட்டியது. உள்ளே ஒருத்தி தோளில் பிள்ளையைப் போட்டுத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். ஒருவர் செய்தித்தாளை விரித்துப் படித்தார். அத்தனை பேரில் ஒருவர்கூட கூரையை நிமிர்ந்து பார்க்கவில்லை. அதைவிடப் பெரிய பாராட்டு தனக்குக் கிடைக்காது என்று அவள் தன் புருஷனிடம் சொன்னாள். அவள் புருஷன் அதே ஆலையில் சீட்டு பூட்டுகிறவர். "கூரையைப் பார்க்கலை சரி, சீட்டைப் பார்த்தாங்களா?" என்று கேட்டார். "சீட்டு மேலதான் உக்காந்திருந்தாங்களே, எப்படிப் பார்ப்பாங்க" என்றாள்.

அப்புறம் கப்பலில் வேறு வண்டிகள் வந்து இறங்கின. சத்தமில்லாமல் ஓடுகிறவை, படியே இல்லாமல் தரையோடு தரையாக இருப்பவை. அவற்றைப் பார்த்தும் அவள் வியந்துதான் போனாள்; பொய் சொல்வானேன். ஆனால் அவை வர வர ஆலைக்கு ஆர்டர் தேய்ந்தது. வாங்கின வண்டிக்குப் பணம் வர வருஷமானது. வங்கிக்காரர்கள் வந்து மூன்று ஷெட்டைப் பூட்டினார்கள். முதலாளி வீட்டோடு அடங்கிவிட்டார். கணக்கை முடிக்க ஓர் அதிகாரி வந்தார்.

நல்ல மனுஷர்தான். எல்லாரையும் கூப்பிட்டு வைத்து மூடி மறைக்காமல் சொன்னார். "ஷெட்டுல அரைகுறையா ஒரு வண்டி நிக்குது. அதை முடிச்சு வர்ற சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள ஒப்படைச்சா போக்குவரத்து அலுவலகம் அன்னைக்கே பணம் தரும். அந்தப் பணத்துல வங்கி கை வைக்காது, உங்க பாக்கிக்குத்தான். சனிக்கிழமை தாண்டினா ஆர்டர் ரத்து. அப்புறம் உங்க பாக்கி கடல்ல கரைச்ச பெருங்காயந்தான்."

எல்லாரும் விழுந்தடித்து வேலை செய்தார்கள். கூரையும் ஏறிவிட்டது. அங்கேதான் வினை வந்தது.

அந்த ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. வேலையை விட்டுப் போகிறவர் யாராக இருந்தாலும், போகிற அன்றைக்கு ஷெட்டில் நிற்கிற வண்டியின் கூரைத் தகட்டில் ஒரு ரிவிட் ஆணி அடித்துவிட்டுப் போக வேண்டும். ஓய்வு பெற்றவர்கள் அடித்திருக்கிறார்கள், சண்டை போட்டுக்கொண்டு போனவர்கள்கூட அடித்திருக்கிறார்கள். இப்போது போவது ஒருவரா, இருவரா? மிச்சமிருந்த நூற்றுச் சொச்சம் பேருமே போகிறவர்கள்தான். இருப்பதோ ஒரே கூரை. ரிவிட் அடிக்கிற மேஸ்திரி மழைக்காரியின் கொழுந்தன். அவன் ஏணியடியில் நின்று ஒவ்வொரு ரிவிட்டையும் ரப்பர்ப் பசையில் முக்கி எடுத்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தான். பெயிண்டு அடிக்கிறவர், சமையல்கட்டு அக்கா, கணக்கர், வாட்ச்மேன் என்று எல்லாரும் வரிசையாக ஏறி அடித்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கினார்கள். மழைக்காரியும் ஏறி ஒன்று அடித்தாள்.

வியாழக்கிழமை காலை வண்டி மழைக்கூடத்துக்குள் போனது. குழாயைத் திறந்தார்கள். தகரத்தின்மேல் தண்ணீர் விழுகிற இரைச்சல் அவளுக்குப் பழகினதுதான். அதற்குள் நிற்பது ஒரு அருவிக்குப் பின்னால் நிற்கிற மாதிரி. டார்ச்சை மேலே அடித்தாள். முதல் சொட்டு நெற்றியில் விழுந்தது. இரண்டாவது கழுத்தில். பிறகு அவள் எண்ணவில்லை. நடுக்கூரை முழுக்க, வரிசை வரிசையாக, ஒவ்வொரு ரிவிட்டின் நுனியிலும் ஒரு துளி கோத்து நின்று டார்ச் வெளிச்சத்தில் மின்னியது. நட்சத்திரம் பூத்த வானம் மாதிரி இருந்தது. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு அழகை அவள் அந்தக் கூடத்தில் பார்த்ததில்லை. பிறகு ஒவ்வொரு துளியாக வட்டம் போட ஆரம்பித்தாள்.

கதவைத் திறந்து வெளியே வந்தாள். முக்காடு போட்ட துணியிலிருந்து தண்ணீர் வடிந்தது. எல்லாரும் அவள் கையைத்தான் பார்த்தார்கள்.

"எத்தனை வட்டம் அண்ணி?" என்றான் கொழுந்தன்.

"எண்ணலை. சாக்பீஸ் தீர்ந்துபோச்சு."

அவன் முகம் செத்துப்போனது. பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "அத்தனையும் கழட்டி அடிக்க ரெண்டு நாள் ஆகும். சீட்டு, உள்கூரை, பெயிண்டு எல்லாம் பாக்கி. சனிக்கிழமை முடியாது. மேலாகப் பசையை ஒரு பூச்சு பூசி அதுமேல பெயிண்டு அடிச்சிடுறேன். ஆறு மாசம் தாங்கும்."

"ஆறு மாசம் கழிச்சு?"

"ஆறு மாசம் கழிச்சு இந்த ஆலையே இருக்காது. எவன் வந்து கேக்கப்போறான்?"

"அதான்டா எனக்குப் பயமா இருக்கு. ஆலை இருந்தா திருப்பிக் கொண்டாந்து நிறுத்திக் கேப்பாங்க. இல்லாத ஆலைகிட்ட யார் போய்க் கேக்கிறது? அதுல உக்கார்றவன் நனைஞ்சுக்கிட்டேதான் போகணும்."

தாழ்ந்த குரலில் பேசினாலும் அது எல்லார் காதிலும் விழுந்தது. சமையல்கட்டு அக்கா முன்னால் வந்தாள். "ஏன்டி, எல்லார் வயித்துலயும் அடிக்கிறியே. வண்டியில ஏறுறவன் ஒரு குடை கொண்டு வரமாட்டானா?"

"உன் வீட்டு வாடகையை மழைத்தண்ணியில கட்டப்போறியா?" என்றார் பெயிண்டுக்காரர்.

அவள் புருஷன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவருக்கு வரவேண்டியதும் அவள் தொகைக்குக் கிட்டத்தட்ட வரும். இரண்டும் போனால் மாசக் கடைசியில் சாமானைத் தெருவில் வைக்க வேண்டியதுதான். அது அவளுக்கும் தெரியும். அவர் மெதுவாக, "நல்லாப் பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார்.

"பார்த்தேன். முதல் வட்டம் நான் அடிச்ச ரிவிட்டுக்குத்தான். கோணலா அடிச்சு வெச்சிருக்கேன்."

யாரோ பின்னாலிருந்து சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். அப்போது கணக்கர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "என்னுது ஒழுகுதாம்மா? வலது பக்கம், மூணாவது ஜன்னலுக்கு மேல."

அவள் டார்ச்சை அவர் கையில் கொடுத்தாள். அவர் உள்ளே ஏறிப் போனார். குழாயை மறுபடி திறந்தார்கள். இறங்கி வரும்போது அவர் சட்டைத் தோளில் ஈரம்.

"ஒழுகுது" என்றார். "பசையை நான்தான் துடைச்சுட்டேன். கடைசி ரிவிட்டாச்சே, அழுக்கா இருக்கவேணாம், பளபளன்னு இருக்கட்டும்னு கைக்குட்டையில துடைச்சு அடிச்சேன்."

பிறகு சமையல்கட்டு அக்கா, "நானும் கைத்துணியில துடைச்சேன்" என்றாள். பெயிண்டுக்காரர் தலையைச் சொறிந்தார். வாட்ச்மேன் கீழே பார்த்தான். விசாரித்தால் பாதிப் பேருக்குமேல் துடைத்திருக்கிறார்கள், மிச்சப் பேர் அவளைப் போலக் கோணலாக அடித்திருக்கிறார்கள். ஒருவர் ஊதிக்கூட விட்டிருக்கிறார்.

கொழுந்தன் தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டான். "பாவிகளா, தண்ணி இறங்கக்கூடாதுன்னு பசையில முக்கிக் கொடுத்தா, ஆசை ஆசையாத் துடைச்சு வெச்சிருக்கீங்களே. நமக்கு நாமே ரிவிட் அடிச்சிக்கிட்டோம்" என்றான். சொன்னவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் யாராலும் கோபமாக இருக்க முடியவில்லை. சமையல்கட்டு அக்கா சிரித்துச் சிரித்து மழைக்காரியின் தோளிலேயே சாய்ந்தாள்.

"சரி, எழுந்திரு" என்றார் அவள் புருஷன் தம்பியிடம். "பழைய ரிவிட்டைத் துளை போட்டு எடுக்கிற வேலையை எங்களுக்குக் காட்டிக் கொடு. அடிக்கிறது நீ மட்டும் அடி. இனிமே ஒரு பய ரிவிட்டைத் தொடக்கூடாது."

அப்புறம் நடந்ததை அவள் பல நாள் நினைத்து நினைத்துப் பார்த்தாள். கூலி கொடுக்க ஆளில்லை, அதட்ட மேலாளர் இல்லை. கணக்கர் சட்டையைக் கழற்றிவைத்துவிட்டு ட்ரில் பிடித்தார். வாட்ச்மேன் ஏணி பிடித்தான். சமையல்கட்டு அக்கா பசை வாளியைக் காவல் காத்தாள். கிட்டே வந்தவன் கையில் துணி இருந்தால் விரட்டினாள். அந்தப் பக்கம் கூரை பிரிய, இந்தப் பக்கம் சீட்டு தயாராக, வண்டியைச் சுற்றி எறும்பு மொய்த்த மாதிரி மனுஷர்கள். ஓர் ஆலை என்பது கட்டடம் இல்லை, இதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. இதைத்தான் நாளை மறுநாள் கலைக்கப்போகிறார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வண்டி மறுபடி மழைக்கூடத்துக்குப் போனது. அவள் ஏறப்போகும்போது கணக்கர் கேட்டார்: "நாங்களும் வரலாமா? இத்தனை வருஷத்துல உள்ளே எப்படி இருக்கும்னு பார்த்ததே இல்லை."

"ஒழுகினா எல்லாரும் நனைவீங்க."

"நனையிறோம்."

ஏற முடிந்தவர்கள் எல்லாம் ஏறினார்கள். சீட்டு இல்லாத வெறும் தரையில் நெருக்கியடித்துக்கொண்டு, ஊர்ப் பயணிகள் மாதிரியே நின்றார்கள். கதவைச் சாத்தப்போகும்போது முதலாளி வந்து நின்றார். எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியாது. மெலிந்து போயிருந்தார். "எனக்கு இடம் இருக்கா?" என்றார்.

"கொஞ்சம் உள்ளே தள்ளிப் போங்க" என்றாள் மழைக்காரி, கண்டக்டர் மாதிரி. அவர் ஏறிக்கொண்டார்.

குழாய் திறந்தது. அந்த இரைச்சலில் பேச்சு நின்றது. ஜன்னல் எல்லாம் வெள்ளையாகி, உலகமே கரைந்து போகிற மாதிரித் தண்ணீர் இறங்கியது. அவள் டார்ச்சை முன்னாலிருந்து பின்னால்வரை வரிசை வரிசையாக நகர்த்தினாள். அத்தனை தலையும் வெளிச்சத்தோடு சேர்ந்து திரும்பியது. காய்ந்த தகடு. காய்ந்த மூலை. காய்ந்த ரிவிட். முதலாளி கையை உயர்த்திக் கூரையைத் தொட்டார். தொட்ட விரலைப் பார்த்தார். அருவிக்குப் பின்னால் நிற்கிற கூட்டம் மாதிரி அவர்கள் வாய் பிளந்து நின்றார்கள். குழாய் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் யாரும் இறங்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால், பெயிண்டு வாசனை போகாமலே வண்டி போனது. வந்தவர்கள் பிரேக்கைப் பார்த்தார்கள், இன்ஜினைப் பார்த்தார்கள், "அந்த அம்மா பார்த்தாச்சா?" என்று கேட்டார்கள்.

சாயங்காலம் கணக்கர் மேஜை போட்டு உட்கார்ந்தார். அவள் முறை வந்தது. முப்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பதினைந்து, குறைவில்லாமல். எண்ணி வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். கணக்கர் அவள் பேருக்கு நேரே ஒரு கோடு இழுத்தார். "முடிஞ்சுதும்மா" என்றார். இத்தனை மாதமாகத் தூக்கத்திலும் சொல்லிக்கொண்டிருந்த தொகை மனசிலிருந்து இறங்கினதும் அந்த இடம் காலியாக இருந்தது. பாக்கி இருந்தவரைக்கும் அவள் அந்த ஆலையின் ஆள்.

வாசலில் பழக்கதோஷத்தில் பையைத் திறந்து வாட்ச்மேனிடம் நீட்டினாள். தினமும் போகிறவர்கள் பையில் ஆணி, தகடு ஏதும் இருக்கிறதா என்று துழாவிப் பார்ப்பது அவன் வேலை. அவன் எழுந்து நின்றான். பையைத் தொடவில்லை.

"போங்கக்கா" என்றான். "வெளியாள் பையைப் பார்க்க எனக்கு அதிகாரம் இல்லை."