இரண்டு கொடி

அந்தக் கோடு எந்த வரைபடத்திலும் கிடையாது. ஆனாலும் ஆஸ்திரேலியாவை அது இரண்டாகப் பிளந்து போட்டிருக்கிறது. கோட்டுக்கு வடக்கே கால்பந்து என்றால் ரக்பி லீக், சேற்றில் தோளோடு தோள் மோதிக்கொள்ளும் ஆட்டம். தெற்கே கால்பந்து என்றால் ரூல்ஸ். பெரிய வட்ட மைதானத்தில் பந்தை வானத்துக்கு உதைத்துவிட்டு, அதைப் பிடிக்க ஆளும் எகிறுகிற ஆட்டம். இரண்டு தரப்பும் தங்கள் ஆட்டத்தை மட்டும்தான் ஃபுட்டி என்று சொல்லும். குர்ராபின் ஊரில் அந்தக் கோடு ரயில்வே கேட்டுக்கும் கோதுமைக் கிடங்குக்கும் நடுவே எங்கேயோ போகிறது. சரியாக எந்த இடத்தில் என்று கேட்டால் மதுக்கடையில் ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை நடக்கும்.

நெவில் பெட்ரிக் வடக்குப் பக்கத்து ஆள். அறுபத்தொரு வயது. லீக் ஆட்டங்களில் முப்பது வருஷம் கோட்டு நடுவராகக் கொடி பிடித்தவர். ஒருமுறை மாவட்ட இறுதிப் போட்டியின் கடைசி நிமிஷத்தில் அவருடைய சொந்தத் தம்பி ரஸ்ஸல் பந்தோடு மூலையில் பாய்ந்து விழுந்தான். ஊரே எழுந்து குதித்தது. தம்பியின் பூட்ஸ் எல்லைக் கோட்டில் பட்டுவிட்டது என்று கொடியைத் தூக்கினார் நெவில். கோப்பை கை நழுவிப் போயிற்று. ரஸ்ஸல் எட்டு வருஷம் அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. தம்பி வராததற்கு நெவில் ரொம்பவே வருத்தப்பட்டார். கொடியைத் தூக்கியதற்கு ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

இப்படிப்பட்டவர் போய்க் கல்யாணம் செய்துகொண்டது ரூல்ஸ் குடும்பத்துப் பெண்ணை. முப்பத்தைந்து வருஷமாக ஊர் இதைக் கலப்புக் கல்யாணம் என்றுதான் சொல்கிறது. டிவியில் ரூல்ஸ் ஆட்டம் வந்தால் நெவில் எழுந்து கார் ஷெட்டுக்குப் போய்விடுவார். அங்கே பழுது பார்க்க எதுவும் இல்லாத நாட்களிலும் போவார். அந்த ஆட்டத்தைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதை ஒரு விரதம்போலக் காத்து வந்தார்.

ஒரே மகள் மெரின், கோதுமைக் கிடங்கில் தானியத்தின் ஈரம் பார்க்கும் வேலை. பதினாறு வயதில் பெண்கள் லீக் அணியில் அவளைப்போல ஓடியவர்கள் மாவட்டத்திலேயே கிடையாது. இருபத்தொன்றில் அம்மாவின் பக்கம் தாவிவிட்டாள். "அந்த சர்க்கஸைப் பாக்க என்னைக் கூப்பிடாத" என்றார் நெவில். அவளும் அப்பாவின் மகள்தானே, கூப்பிடவே இல்லை. மூன்று பருவம் போய்விட்டது. அவள் ஆடி அவர் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் மாதம், பருவத்தின் கடைசி சனிக்கிழமை காலையில் கெல்வின் டன்ஸ்டன் சமையலறைக்குள் வந்து நின்றார். நெவிலின் மனைவி கோலீனின் அண்ணன், ரூல்ஸ் சங்கத் தலைவர்.

"மச்சான், உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"வேணாம். குனிஞ்சேன்னா உன்னால எந்திரிக்க முடியாது."

"எங்க கோல் நடுவர் இடுப்பு பிடிச்சுப் படுத்துட்டான். உள்ளூர் டீம் ஒரு கோல் நடுவர் குடுத்தே ஆகணும். இல்லேன்னா ஆடாமலே தோத்ததா எழுதிருவானுங்க."

"எழுதட்டுமே."

"இன்னிக்கு யல்லாமுண்டிகிட்டத் தோத்தா பொண்ணுங்க டீமே காலி, நெவ். ரெண்டு வருஷமா ஒரு மேட்ச் ஜெயிக்கல. இன்னிக்கும் ஜெயிக்கலேன்னா அடுத்த வருஷம் மாவட்டப் பட்டியல்ல குர்ராபின் கிடையாது. டீம் கேப்டன் யாருன்னு ஞாபகம் இருக்குல்ல?"

கேப்டன் மேஜையின் அந்தப் பக்கம் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"லீக்காரன் கொடி பிடிக்க யல்லாமுண்டிக்காரனுங்க ஒத்துப்பானுங்களா?" என்றார் நெவில்.

"உன் பேரைச் சொன்னேன். தம்பிக்கே கொடி காட்டினவன்தானே, அவன் வரட்டும்னுட்டாங்க."

மெரின் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "விடுங்க மாமா. அவர் கையால நாங்க சாக வேணாம்."

அது சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் அந்த நிமிஷம் நெவிலின் மனதில் ஓடியதும் கிட்டத்தட்ட அதுதான். அணி கலைந்தால் பெண் பேசாமல் லீக்குக்குத் திரும்பிவிடுவாள். இதை அவர் கோலீனிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் ராத்திரிச் சாப்பாடு சந்தேகம். அப்படி நினைத்ததே வெட்கமாக இருந்தது. எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார்.

போகிற வழியில் வண்டியிலேயே கெல்வின் பாடம் நடத்தினார். "நாலு கம்பம் இருக்கும். நடுவுல உயரமான ரெண்டுக்கும் இடையில பந்து போனா கோல், ஆறு பாயிண்ட். ரெண்டு விரல் காட்டு, அப்புறம் ரெண்டு கொடியையும் ஆட்டு. அதுக்குப் பக்கத்து இடைவெளியில போனா ஒரு பாயிண்ட். ஒரு விரல், ஒரு கொடி. அவ்வளவுதான், குழந்தைகூடச் செய்யும்."

பந்து கம்பத்தில் பட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து தெரிந்ததை யார் யாருக்குச் சொல்வார்கள்? நெவிலும் கேட்கவில்லை. அவருடைய ஆட்டத்திலும் கம்பம் உண்டு, அதில் பட்டு உள்ளே விழுந்தாலும் பாயிண்ட் பாயிண்ட்தான். இதில் கேட்க என்ன இருக்கிறது?

வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, இரண்டு கொடியோடு கம்பங்களின் கீழே போய் நின்றார். மைதானத்தைச் சுற்றிலும் கார்கள் மூக்கை உள்பக்கம் நீட்டி வரிசையாக நின்றன. வேலிக்கு வெளியே மஞ்சளாகப் பூத்த கடுகுப்பயிர் கண்ணுக்கெட்டிய வரை போயிற்று. இவ்வளவு பெரிய மைதானமா என்பதுதான் முதலில் தோன்றியது. லீக் மைதானத்தில் எதிர்முனைக் கம்பத்தருகே நிற்பவனின் முகம் தெரியும். இங்கே எதிர்முனையில் வெள்ளைக் கோட்டுப் பெண்மணி ஒருத்தி பொட்டாகத் தெரிந்தாள்.

சைரன் ஒலித்தது. மைதானத்துக்குள் நின்று ஆட்டத்தை நடத்தும் நடு நடுவர் பந்தைத் தரையில் அறைந்தார். சிவப்புப் பந்து எகிறியது. பெண்களும் அதன்கூடவே எகிறினார்கள்.

முதல் பத்து நிமிஷம் நெவில் எப்படிக் கேலி செய்யலாம் என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு தேடவில்லை. அவருடைய ஆட்டத்தில் ஒரு கோடு முன்னேறும், ஒரு கோடு தடுக்கும். இதில் கோடே இல்லை. எந்தப் பக்கமிருந்தும் ஆள் வந்தாள், எந்தப் பக்கமும் பந்து போயிற்று. நின்ற இடத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் அந்தக் குளிர்கால நீல வானத்தில் பந்து சின்னதாகி, ஒரு கணம் நின்று, பிறகு சுழன்றபடி அவர் முகத்தை நோக்கியே வளர்ந்து வரும். அதன் கீழே ஆறு பெண்கள் மேலே மட்டுமே பார்த்தபடி முழு ஓட்டத்தில் வருவார்கள், யார் எங்கே மோதப் போகிறோம் என்ற கவலையே இல்லாமல். முப்பது வருஷம் தைரியசாலிகளைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர். கண்ணை வானத்தில் வைத்துக்கொண்டு மோதலுக்குள் ஓடுகிற தைரியத்தை அன்றுதான் பார்த்தார்.

கடைசிக் கால்பகுதியில் குர்ராபின் அவர் பக்கம் உதைத்து ஆடியது. முப்பத்தாறுக்கு முப்பத்தொன்று, யல்லாமுண்டி ஐந்து பாயிண்ட் முன்னால். ஒரே ஒரு கோல் போதும். சில நொடிகளே பாக்கி இருந்தபோது யாரோ ஒருத்தி பந்தை உயரமாக உதைத்தாள். கீழே கூட்டம் திரண்டது. யல்லாமுண்டியின் நெட்டையான தடுப்பாட்டக்காரி இரண்டு கையையும் நீட்டிவிட்டாள்.

அவளுக்குப் பின்னாலிருந்து மெரின் வந்தாள். ஓடி வந்த வேகத்தில் எம்பினாள். அவள் முழங்கால் நெட்டைக்காரியின் தோளில் ஏறியது. அங்கிருந்து இன்னும் மேலே போனாள். அத்தனை தலைகளுக்கும் மேலே, முதுகை வளைத்து, கையை விரித்து, அந்தரத்தில் நின்றாள். நின்றாள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் நெவில் பார்த்தது அதுதான். கீழே வரவேண்டியவள் வரவில்லை. பந்து அவள் விரல்களுக்குள் வந்து அமர்ந்தது. அதற்குப் பிறகுதான் பூமிக்கு ஞாபகம் வந்ததுபோல அவள் விழுந்தாள். நெவிலுக்கு மயிர்க்கூச்செறிந்தது. மூச்சு விட மறந்து, கண்ணில் நீர் கட்ட, வாயைத் திறந்தபடி நின்றார். தன் பெண் இதைச் செய்வாள் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, தனக்கு மட்டும் தெரியவில்லை.

சைரன் ஒலித்தது. பந்தைப் பிடித்தவளுக்கு ஒரு உதை பாக்கி உண்டு. நாற்பது மீட்டரிலிருந்து மெரின் ஓடிவந்தாள். அவள் கவனத்தைக் கலைக்க யல்லாமுண்டிக் கார்கள் எல்லாம் ஹாரனை அழுத்தின. அந்த இரைச்சலில் பந்து புறப்பட்டு, நேராக வந்து, கடைசியில் இடது பக்கம் சாய்ந்து, உயரமான கம்பத்தின் உள்பக்கத்தில் ஒரு சின்ன உரசல் உரசி, உள்ளே விழுந்தது. நடு நடுவர் தடையில்லை என்று கையை உயர்த்தினார். நெவில் இரண்டு விரலை நீட்டி, இரண்டு கொடியையும் எடுத்து, அறுபத்தொரு வயதுத் தோள் கழன்றுவிடுவதுபோல ஆட்டினார். இந்தத் தடவை குர்ராபின் கார்கள் ஹாரன் அடித்தன.

பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு வட்டமாக நின்று, இரண்டு வருஷமாகப் பாடாத சங்கப் பாட்டை ஆரம்பித்தார்கள். ஒருத்திக்கும் வரி சரியாக ஞாபகமில்லை. கெல்வின் மூச்சிரைக்க ஓடிவந்து நெவிலைக் கட்டிப்பிடித்தார்.

"பாத்தியா மச்சான், எங்க ஆட்டத்த?"

"பாத்தேன்டா. என்ன ஒரு உதை. கம்பத்த லேசா ஒரு முத்தம் குடுத்துட்டுல்ல உள்ள போச்சு."

கெல்வினின் கை தளர்ந்தது. "என்ன சொன்ன?"

"கம்பத்துல உரசிட்டு..."

"வாயை மூடு. இன்னொரு வாட்டி அதச் சொல்லாத." அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "கம்பத்துல பட்டா கோல் கிடையாது, நெவ். ஒரு பாயிண்ட்தான். வேற யாரும் பாக்கல. சத்தமும் கேக்கல. பேசாம போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வா."

எதிர்முனைப் பெண்மணி தன் அட்டையோடு மைதானத்தின் நடுவே வந்துகொண்டிருந்தாள். இரண்டு கோல் நடுவர்களும் அட்டைகளை ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்டால்தான் ஆட்டம் முடிந்ததாகக் கணக்கு. நெவில் அவளை நோக்கி நடந்தார். அவ்வளவு தூரம் அவர் வாழ்க்கையில் நடந்ததில்லை. உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும். லீக்காரன் பழிவாங்கிவிட்டான் என்று ஊர் பேசும், அவர் சாகும் வரை பேசும். மெரினும் அப்படியே நினைக்கலாம். காலையில் அவளே சொன்னாளே. ரஸ்ஸலுக்கு எட்டு வருஷம் ஆயிற்று. இவளுக்கு எத்தனை ஆகுமோ.

அந்தப் பெண்மணி பேனாவை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. நடு நடுவரைக் கூப்பிட்டார்.

"என் கொடி தப்பு. பந்து இடது கம்பத்துல பட்டுச்சு. உங்க சட்டம் எனக்குத் தெரியாது. ஆனா பட்டத நான் பாத்தேன்."

பாட்டு பாதியில் நின்றது. "முப்பது வருஷமா இதுக்குத்தான்யா காத்துட்டிருந்தான்" என்று கத்தினார் கெல்வின். வேலிப்பக்கமிருந்து என்னென்னவோ வந்து விழுந்தன. சிலதை இங்கே எழுத முடியாது. நெவில் கொடிகளைப் பிடித்தபடி நின்றார்.

மெரின் வட்டத்திலிருந்து வெளியே வந்தாள். முகமெல்லாம் சேறு.

"எந்தக் கம்பம்?"

"இடது. உள்பக்கம்."

"பட்டுச்சா?"

"பட்டுச்சும்மா."

அவள் நடு நடுவர் பக்கம் திரும்பினாள். "அவர் பட்டுச்சுன்னா பட்டுச்சு. வேணும்னா எங்க சித்தப்பாவக் கேட்டுப் பாருங்க." கெல்வினைப் பார்த்து, "மாமா, போதும்" என்றாள். போய் யல்லாமுண்டிப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தாள். நெட்டைக்காரி அவளைக் கட்டிக்கொண்டு காதில் ஏதோ சொன்னாள். அட்டையில் முப்பத்திரண்டு என்று எழுதி நெவில் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது மெரின் அவருடைய வண்டியில் ஏறிக்கொண்டாள். வண்டி கோதுமைக் கிடங்கைத் தாண்டியது.

"உங்களுக்குச் சந்தோஷம்தானே" என்றாள்.

"காலைல கேட்டிருந்தா ஆமான்னிருப்பேன்." அவர் சாலையையே பார்த்தார். "நீ அந்தரத்துல நின்ன. நான் நேர் கீழ இருந்து பாத்தேன். கையில கொடி இருக்கறதே மறந்துபோச்சு எனக்கு. மூணு வருஷமா இத வேணும்னே பாக்காம இருந்திருக்கேன். என்னைவிட முட்டாள் இந்த ஊர்ல கிடையாது."

மெரின் ஜன்னல் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்தாள், சேறுதான் என்பதுபோல.

"இனி எங்க ஆடுவ?"

"யல்லாமுண்டில. அந்த நெட்டைக்காரி கூப்பிட்டா. தொண்ணூறு கிலோமீட்டர்." கொஞ்சம் பொறுத்து, "சனிக்கிழமைதான். உங்க லீக்கும் அன்னிக்குத்தான்" என்றாள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. நீளமான சரக்கு ரயில் ஒன்று தெற்கே போய்க்கொண்டிருந்தது. அது முழுதும் போய் முடியும்வரை நெவில் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட் திறந்ததும் வண்டியை நகர்த்தினார்.

"எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று கேட்டார்.