இறக்கிவிட்டால் போச்சு

கிருஷாந்திக்குச் சந்தேகம் வந்தால் சோறு இறங்காது. அவளைச் சொல்லியும் குற்றமில்லை. டயகமத் தேயிலைத் தோட்டத்தில் எட்டு வருஷம் கொழுந்து எடுத்தவள் அவள். சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நிறுவைக்கு வரிசையில் நின்றவள். சாக்கு தராசில் தொங்கும்போதே முள்ளைப் பார்த்துவிட வேண்டும் என்பது அங்கே முதல் நாளே படிக்கிற பாடம். கீழே இறக்கிவிட்டால் தண்ணீருக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டு, கணக்கப்பிள்ளை சொல்வதுதான் எடை. பிறகு தொண்டை கிழியக் கத்தினாலும் கழித்தது கழித்ததுதான். ‘தொங்கும்போதே பாரு, எறக்கிட்டா போச்சு’ என்று அந்த வரிசையில் நிற்கிற எல்லாப் பெண்களும் சொல்வார்கள். கிருஷாந்தி கூடையை இறக்கிவைத்து இரண்டு வருஷமாகிவிட்டது. அந்தப் பேச்சை மட்டும் இறக்கிவைக்கவில்லை.

அந்தக் கூடையை விடவைத்தது ஒரு கார். கட்டாரில் வேலை செய்யும் புருஷன் நிரஞ்சன் அனுப்பிய காசில் வாங்கியது, அவளைவிட வயதில் மூத்தது. அவள் லைசன்ஸ் எடுத்தபோது லயத்து வீடுகளில் சிரிக்காத ஆளில்லை. இப்போது காலையில் நாலு டீச்சர்மாரை ஏற்றிக்கொண்டு அக்கரப்பத்தனைப் பக்கத்துப் பாடசாலைக்குப் போவதும், பின்னேரம் கூட்டிவருவதும் அவள்தான். சிரித்தவர்களே அவசரத்துக்கு அவள் வாசலில் வந்து நிற்கிறார்கள்.

அந்தக் காருக்குத்தான் முன்பக்கம் சத்தம் வந்தது. குழியில் இறங்கினால் ‘கடக்’, ஏறினால் ‘கடக்’. டயகமப் பாதையில் குழி இல்லாத இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். முன் சீட்டில் உட்காரும் சுகிர்தம் டீச்சர், பாலத்தைத் தாண்டும்வரை ஜெபமாலையைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். சத்தத்தைச் சரிபண்ணாவிட்டால் லீவு முடிந்து வரும்போது நாங்கள் வேனில் போகிறோம் என்று அவர் தன்மையாகத்தான் சொன்னார். நிரஞ்சன் தன்மையாகச் சொல்லவில்லை. இன்னும் ஒரு தடவை வேலை வைத்தால் கார் விற்பனைதான், நானுஓயாவில் ஆள் பார்த்து வைத்திருக்கிறேன் என்றான். கார் போனால் திரும்பவும் முதுகில் கூடை. 

அக்கரப்பத்தனைக்குப் போகும் வழியில் கராஜ் வைத்திருந்தவர் சின்னராசா. அதிகம் பேசாத மனிதர். இரும்புக் கம்பியை உள்ளே விட்டு ஆட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு பக்கமும் ஆம் புஷ் போய்விட்டது என்றார். சக்கரத்தைத் தாங்குகிற கைக்கும் காரின் உடம்புக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் அது. காய்ந்து வெடித்துவிட்டால் இரும்போடு இரும்பு இடிக்கும். சத்தம் ஒரு பக்கம்தானே என்று கிருஷாந்தி கேட்டாள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் கார் இழுக்கும் என்றார் அவர். அவள் தலையாட்டினாள். மனசுக்குள், வியாபாரம் பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

அதனால் சாமானை அவரிடம் வாங்கவிடவில்லை. தானே பஸ் ஏறி ஹட்டனுக்குப் போய் வாங்கினாள். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொரு புஷ்ஷின் ஓரத்திலும் நகத்துக்குப் பூசுகிற சிவப்புக் கியூட்டெக்ஸில் சின்னதாக ஒரு பொட்டு வைத்தாள். புதுசை எடுத்துக்கொண்டு பழசையே கழுவிப் போட்டுவிட்டால் கண்டுபிடிக்க வேண்டாமா?

வேலை நடந்த அன்று அவள் உட்காரவே இல்லை. கழற்றிய பழைய புஷ்களைக் கையோடு வாங்கி ஷொப்பிங் பேக்கில் போட்டு முடிச்சுப் போட்டாள். போனில் நிரஞ்சன் வேறு கட்டாரிலிருந்து அதைக் காட்டு, இதைக் காட்டு என்று ஒரு சூப்பர்வைசர் மாதிரி விரட்டிக்கொண்டிருந்தான். கார் தாங்கிகளின் மேல் நின்றது. முன் சக்கரங்களைக் கழற்றிய இடத்தில் இரண்டு கைகளும் காற்றில் தொங்கின. சின்னராசா புது புஷ்களை ஏற்றி, திருகாணிகளைப் போட்டு, விரலால் திருகிவிட்டு எழுந்தார்.

“இப்ப சும்மா மாட்டிருக்கேன் தங்கச்சி. சக்கரத்தப் போட்டு, கார கராஜ் குழிக்கு மேல நிப்பாட்டி, பாரம் எறங்கின பிறகு நான் குழிக்குள்ள இருந்துதான் கடைசி இறுக்கு இறுக்கணும்.”

“குழிக்குள்ள நீங்க என்ன செய்றீங்கன்னு எனக்குத் தெரியாதே அண்ணே.”

“தெரியாதுதான்.”

“அப்ப வேணாம். தொங்கும்போதே என் கண்ணு முன்னால இறுக்குங்க. எறக்கிட்டா போச்சு.”

போனுக்குள்ளிருந்து நிரஞ்சனும் விடவில்லை. “லூசா விட்டாத்தானே நாளைக்குத் திரும்ப வரவைக்கலாம். விடாத புள்ள, இப்பவே இறுக்கச் சொல்லு.”

அது சின்னராசா காதிலும் விழுந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். நீளப் பிடி போட்ட ஸ்பானர் சாவியை எடுத்து, அவள் கண் முன்னாலேயே, ஆணி முனகுகிற வரைக்கும் இறுக்கினார். கிருஷாந்திக்குப் பெரிய வெற்றி. அந்த நேரம் பார்த்துப் போனில் சிக்னல் அறுந்தது. சிக்னல் தேடி ரோட்டுப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தபோது, அவர் சக்கரங்களை மாட்டிக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் கார் பூனை மாதிரிப் போனது. நாலாவது வாரம் பாலத்தடியில், ‘கடக்’.

கிருஷாந்தியின் மனசு நேராக அந்த ரோட்டோரத்துக்குத்தான் ஓடியது. சிக்னல் தேடிப் போன அந்தக் கொஞ்ச நேரம். அதற்குள் கழற்றி மாட்டியிருப்பான். அவனிடம் பழைய சாமானுக்கா பஞ்சம்? என் புது புஷ் இப்போது யாருடைய காரில் ஓடுகிறதோ! வயிறு எரிய எரிய, காருக்குள்ளேயே டீச்சர்மாரிடம் சொல்லிவிட்டாள். கள்ளன் என்ற சொல்லும் அவள் வாயிலிருந்துதான் வந்தது. நெருப்பில்லாமல் புகையுமா என்று சுகிர்தம் டீச்சர் பெருமூச்சு விட்டார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஒரு வாரத்தில் சின்னராசாவின் களவு டயகம முழுக்கத் தெரிந்திருந்தது.

பாடசாலை லீவு விட்டதும் கிருஷாந்தி கிளம்பினாள். கையும் களவுமாகப் பிடித்து, தன் முன்னாலேயே சரியான சாமானைப் போடவைக்க வேண்டும் என்று இன்னொரு சோடி புஷ்ஷும் வாங்கிப் பையில் வைத்திருந்தாள். கராஜில் வழக்கமாக நிற்கிற ஓட்டோக்கள், லொறி ஒன்றையும் காணோம். சின்னராசா தனியாக உட்கார்ந்து சாவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கள்ளனிடம் யார் வருவார்கள் என்று அவளுக்கு ஒரு திருப்திகூட வந்தது.

புஷ்களைக் கழற்றுங்கள், நான் பார்க்க வேண்டும் என்றாள். அவர் எழுந்து காரைத் தூக்கினார். கழற்றி மேசையில் வைத்தார். கிருஷாந்தி துப்பட்டா நுனியால் அழுக்கைத் துடைத்தாள்.

சிவப்புப் பொட்டு இருந்தது.

மற்றப் பக்கத்தையும் துடைத்தாள். அதிலும் இருந்தது. அவள் வைத்த பொட்டு, அவள் வாங்கிய புஷ். ஆனால் ரப்பர் உள் வளையத்தை விட்டுப் பிய்ந்து, பிறை மாதிரி வாய் பிளந்து கிடந்தது. இத்தனை நாள் கட்டிக் காத்த சந்தேகம் காலடியில் சரிந்தது.

சின்னராசாதான் பேசினார். சக்கரத்தைத் தாங்குகிற அந்தக் கை தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். காரை இறக்கியதும் கை மேலே ஏறும், ரப்பர் முறுக்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு ஒவ்வொரு குழியும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிக்கும். நிறுவை தொங்கும்போது, இந்த இறுக்கு இறங்கிய பிறகு.

“தெரிஞ்சுக்கிட்டே ஏன் அண்ணே இறுக்குனீங்க?”

“சொல்லத்தான் வந்தேன். நீங்க பாத்த பார்வையில, அதுக்கு மேல பேசினா அதுவும் களவுன்னு ஆயிருக்கும். கோவம் வந்திருச்சு, இறுக்கிட்டேன். அது என் தப்பு.”

புது சோடியை எடுத்துக் கொடுக்க அவளுக்குக் கை கூசியது. அவர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். இந்த முறை அவள் இரண்டு பொட்டு வைத்திருந்தாள்.

“இந்த வாட்டி ரெண்டா?” என்றார். சிரிக்கவில்லை.

அப்போதுதான் அவள் காலியாகக் கிடந்த வாசலைப் பார்த்தாள். வண்டி ஒன்றும் வரவில்லையா என்று கேட்டாள். டயகமப் பக்கத்து ஆட்கள் இப்போது டவுனுக்குப் போகிறார்கள் என்றார் அவர். யார், என்ன சொன்னார்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது கிருஷாந்திக்கு. வெட்கம் காதுவரை சுட்டது.

புஷ்களை ஏற்றி, சக்கரங்களை மாட்டி, காரைக் குழிக்கு மேல் தள்ளி நிறுத்தினார்கள். ஆள் பாரமும் இருந்தால் நல்லது, உள்ளே உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு அவர் குழிக்குள் இறங்கினார். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். அங்கிருந்து கண்ணாடிக்கு வெளியே தேயிலை மலை தெரிந்தது. கீழே நடப்பது ஒன்றும் தெரியவில்லை.

போன் அடித்தது. காட்டு, காட்டு என்றான் நிரஞ்சன்.

“காட்ட முடியாதுங்க. எறக்கியாச்சு.”

“அப்ப அவன் கீழ என்ன செய்றான்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது,” என்று அழைப்பைத் துண்டித்தாள்.

அதே கையோடு சுகிர்தம் டீச்சரின் நம்பரை அழுத்தினாள். கீழே இருப்பவருக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தியே பேசினாள்.

“டீச்சர், சின்னராசா அண்ணன் கள்ளன் இல்ல. போட்ட சாமான் அப்படியேதான் இருக்கு. வேலையக் கெடுத்தது நான். நான் யாரு யாருகிட்ட சொன்னேனோ, அவங்ககிட்ட எல்லாம் நானே போய்ச் சொல்லுவேன். நீங்களும் சொல்லுங்க.”

குழிக்குள் சாவிச் சத்தம் நின்றது. டீச்சர் என்ன பதில் சொன்னார் என்று அவள் காதில் ஏறவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கீழே திரும்பவும் இறுக்குகிற சத்தம் கேட்டது. கிருஷாந்தி குனிந்து பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.