ஒரு நாளைக்கு ஒன்று

ஆஸ்பத்திரிக்குள் கடை வைத்திருப்பவளிடம் வியாபாரம் எப்படி என்று யாரும் கேட்கக் கூடாது. நன்றாகப் போகிறது என்று சொல்ல நாக்கு கூசும். படுத்துவிட்டது என்றால் அது பொய். தரைத்தளத்தில் லிஃப்டுக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் என் கடை. தண்ணீர் பாட்டில், பிஸ்கட், சீப்பு, பிரஷ், ரப்பர் செருப்பு. பில் போடும் மேசைக்கு முன்னால் சாக்லேட் அடுக்கு. அதை அங்கேதான் வைக்க வேண்டும் என்பது கம்பெனியின் உத்தரவு. சில்லறைக்காக நிற்கிற நேரத்தில் கை தானாக நீளுமாம். நீளத்தான் செய்கிறது, பொய் சொல்வானேன். பிள்ளை பிறந்தால் பெரிய டப்பா. குணமாகி வீட்டுக்குப் போகிறவர்கள் நர்சுகளுக்கு நடுத்தர டப்பா. மற்றவர்கள் வெறுங்கையோடு மேலே போக மனம் வராமல், எது கைக்கு எட்டுகிறதோ அதை எடுத்துக்கொண்டு போவார்கள்.

இந்தத் தத்துவத்தை எல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் சாக்லேட் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. நல்ல பையன்தான். ஆனால் டார்கெட் என்ற சொல் இல்லாமல் அவனால் குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்க முடியாது. அதனால் அவனுக்கு டார்கெட் என்றே பெயர் வைத்துவிட்டேன்.

அவன் ஒரு நாள் வந்து, இஞ்சி சாக்லேட்டை நிறுத்தப்போகிறார்கள் என்றான். சர்க்கரைப்பாகில் ஊறிய இஞ்சித் துண்டுகளைப் போட்டுச் செய்த கறுப்புச் சாக்லேட் அது. எல்லாக் கடைகளிலும் தூசி படிந்து கிடக்கிறதாம். வேறு சரக்காக இருந்தால் ஒழிந்தது சனியன் என்றிருப்பேன். இதை மட்டும் அப்படி விட முடியவில்லை.

காரணம், ஒரு ஸ்கூல் பஸ் டிரைவர். தினமும் சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக இங்கே வருவார். காக்கிச் சட்டையைக்கூட மாற்றியிருக்க மாட்டார். லீவு நாளிலும் அதே நேரத்துக்கு வந்துவிடுவார். ஒரு இஞ்சி சாக்லேட் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மாடிக்குப் போவார். அங்கே அவருடைய அக்கா படுத்திருந்தாள். தாய் போன பிறகு அவரைத் தூக்கி வளர்த்தவள். மருந்து ஏற ஏற வாயில் எதை வைத்தாலும் இரும்பை நக்குவதுபோல இருக்கிறதாம். இது ஒன்றுதான் உள்ளே இறங்குகிறதாம். ஊரில் பாதிப் பேர் என்னை அக்கா என்பார்கள். அவர் மட்டும் கடைக்காரம்மா என்பார். அக்கா என்ற சொல்லை அவர் வேறு யாருக்கும் கொடுக்கத் தயாராக இல்லை.

அன்று சாயங்காலம் விஷயத்தைச் சொல்லி, இருக்கிற பெட்டியை மொத்தமாக எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். நல்லது செய்வதாக நினைப்பு எனக்கு. மேலே அலமாரியில் வைத்தால் கெடாது, நீங்களும் தினம் என் கடை வாசலில் நிற்க வேண்டாம் என்றேன். அவர் சட்டைப்பையைத் தடவிக்கொண்டே நின்றார்.

"மொத்தமா கொண்டுபோனா, நாளைக்கு நான் வரமாட்டேன்னு அக்கா நெனச்சுக்குவா. ஒண்ணு போதும் கடைக்காரம்மா. நாளைக்கு வந்து இன்னொண்ணு வாங்கிக்கிறேன்."

பெட்டியை எடுத்து மேசைக்கு அடியில், யார் கண்ணிலும் படாத இடத்தில் வைத்தேன். ஆனால் ஒரு பெட்டி எத்தனை நாளைக்கு வரும்?

அடுத்த முறை டார்கெட் வந்தபோது, கூடுதல் சரக்கு தந்தால்தான் ஆயிற்று என்று பிடித்த பிடியை விடவில்லை. அவன் இங்கேயும் விற்பனை இல்லை என்று காட்டித் தப்பிப்பதற்காகத்தான் போனில் என் கடைக் கணக்கைப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். மற்ற கடைகளில் விற்பனைக் கோடு படுத்துக் கிடக்க, என் கடையின் கோடு மட்டும் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல ஓடியது. தினமும் ஒன்று. ஒரு நாள்கூட விடுபடவில்லை. இந்த மாதிரி பழக்கத்தை உண்டாக்கத்தான் கம்பெனிகள் தலையால் தண்ணீர் குடிக்கின்றனவாம்.

பிறகு தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். வாடிக்கையாளர் ஆராய்ச்சியாம். அடுக்கைப் படம் பிடித்தாள். எந்த நேரத்தில் விற்கிறது, எத்தனை விற்கிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் உண்மையைத்தான் சொன்னேன். வாங்குவது யார் என்று கேட்பாள் என்று பயந்துகொண்டே காத்திருந்தேன். ஒரே ஆள்தான் என்று தெரிந்தால் அன்றே கதை முடிந்துவிடும். அவள் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

இஞ்சி சாக்லேட் பிழைத்துவிட்டது என்று டார்கெட் பல்லெல்லாம் தெரிய வந்து நின்றான். ஆஸ்பத்திரிக் கடைகளில் மட்டும் சோதனையாக விடுகிறார்கள். பெட்டியை மேசையில் வைத்தான். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வாரப் பெட்டி. தினமும் ஒன்று வாங்குகிறவர் பாவம், தினமும் அலையாமல் வாரத்துக்கு ஒரு முறை வாங்கிக்கொள்ளட்டும் என்று அறைக்குள் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். உள்ளே ஒவ்வொன்றும் தனித்தனி உறையில், திங்கள், செவ்வாய் என்று கிழமை அச்சடித்து. மேலே "ஒரு நாளைக்கு ஒன்று" என்று பெரிய எழுத்து. தனியாக விற்பது இனிமேல் கிடையாது. பெட்டியைப் பிரிக்கவும் கூடாது.

எனக்கு வந்த கோபத்தில் பாவம், அந்தப் பையனைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டேன். அவனுக்கு ஒன்றுமே புரியவில்லை. அவன் போனதும் பெட்டியைப் பிரித்தேன். வாரத்துக்கு ஒரு பில் போட்டுக்கொண்டு, தினமும் அந்தந்தக் கிழமையை எடுத்து டிரைவர் கையில் கொடுத்தேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கிழமை அச்சு உதவியது. மேலே ஜன்னல் இல்லாத மூலைக் கட்டிலில் அக்காவுக்கு நாள் கிழமை எல்லாம் குழம்பிப் போயிருந்ததாம். உறையைப் பார்த்து, அட, இன்றைக்குப் புதனா என்று கேட்டாளாம். டிரைவர் என்னிடம் வந்து அதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கம்பெனிக்காரர்களை நான் திட்டியதில் பாதியை அன்று மனதுக்குள் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. பஸ் வழியில் நின்றுவிட்டது, பிள்ளைகளை வேறு வண்டியில் ஏற்றிவிட்டுத்தான் வர முடியும் என்று கடைக்குப் போன் செய்தார். அக்காவிடம் போன் கிடையாது. என்னைத்தான் போய்ச் சொல்லச் சொன்னார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் செவ்வாயை எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

குச்சியாக இருந்தாள். தலையில் துணி கட்டியிருந்தாள். கண் மட்டும் உயிரோடு வாசலைப் பார்த்தபடி இருந்தது. தம்பி வந்துவிடுவார் என்று சொல்லி, உறையைப் பிரித்து நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். கட்டில் பக்கத்து இழுப்பறையைத் திறக்கச் சொன்னாள். உள்ளே இஞ்சி சாக்லேட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஓரம் மட்டும் எலி கடித்ததுபோலக் கடித்திருந்தது.

"எனக்கு இது பிடிக்காது," என்றாள். "முதல் நாள் ஏதோ கொஞ்சம் இறங்கிச்சு. அப்புறம் வாயெல்லாம் எரியுது. ஒரு கடி கடிச்சா அவன் முகம் தெளியும். அதைப் பாத்துட்டா நான் தூங்கிடுவேன். அவன்கிட்ட சொல்லிடாத."

இழுப்பறையை மூடினேன். அதற்குள் டிரைவர் கையெல்லாம் கிரீஸோடு ஓடிவந்தார். என் கையிலிருந்த செவ்வாயை வாங்கி அவரே நீட்டினார். அவள் ஒரு கடி கடித்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். நான் படியில் இறங்கும்போது அழுதுகொண்டே இறங்கினேன்.

அக்கா ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் போய்விட்டாள். நர்ஸ் வந்து சொன்னபோது, மேசைக்கு அடியில் பிரித்த பெட்டியில் வியாழன் முதல் ஞாயிறு வரை அப்படியே இருந்தன.

மறுநாள் மத்தியானம் டார்கெட் வந்தான். சோதனை எடுபடவில்லை, வேறு எந்த ஆஸ்பத்திரியிலும் விற்கவில்லை, இஞ்சி சாக்லேட்டை அடியோடு நிறுத்துகிறார்கள், மிச்சத்தை எடுத்துப் போக வந்தேன் என்றான். முகம் தொங்கிக் கிடந்தது. அந்தக் கோட்டைக் கண்டுபிடித்தது தான்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டவன் அவன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? ஒரே ஒரு டிரைவர், ஒரே ஒரு அக்கா என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"எங்ககிட்ட ஏன்க்கா சொல்லல?"

"எத்தனைன்னு கேட்டீங்க. யாருன்னு கேக்கலையே தம்பி."

அவன் பிரிக்காத பெட்டிகளை மட்டும் எடுத்துப் பைக்குள் வைத்தான். பிரித்த பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது கணக்கில் வராது அக்கா என்று சொல்லி என் பக்கம் தள்ளினான். சொன்னேனே, நல்ல பையன் என்று.

சாயங்காலம் வழக்கமான நேரத்துக்கு டிரைவர் வந்தார். மொட்டையடித்ததுபோல ஒட்ட வெட்டிய தலை. காக்கி இல்லை, வேறு சட்டை. கட்டிலில் கிடந்த பொருட்களை வாங்கிப் போக வந்திருப்பார் என்று நினைத்தேன். இழுப்பறை ஞாபகம் வந்து எனக்குப் பகீர் என்றது. நல்லவேளை, நர்ஸ் அதைக் காலையிலேயே காலி செய்திருந்தாள். அவர் மாடிக்குப் போகவே இல்லை. மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"இன்னிக்கு வெள்ளிதானே?"

வெள்ளியை எடுத்துக் கொடுத்தேன். அவர் சட்டைப்பையில் வைக்கவில்லை. அங்கேயே நின்று உறையைப் பிரித்து, பாதியைக் கடித்து வாயில் போட்டார். மென்றவர் சட்டென்று நிறுத்தினார். கண்ணில் நீர் முட்டியது. நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினேன்.

"இவ்வளவு எரியுமா இது?" என்றார். "நான் ஒரு நாளும் தின்னு பாத்ததில்ல. அக்கா எப்படித் தினமும் சாப்பிட்டா?"

சொல்லாதே என்று அவள் சொன்னது காதில் அப்படியே கேட்டது.

"நீங்க தினமும் வந்தீங்களே," என்றேன்.

அவர் வாயில் இருந்ததை மெதுவாக மென்று விழுங்கினார். கையில் இருந்த மிச்சத்தையும் சாப்பிட்டார். தண்ணீரைத் தொடவில்லை. உறையை நீவி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"சனி இருக்கில்ல?"

"இருக்கு. நாளைக்கு வாங்க," என்றேன்.