லிபாயோன் மன்றம் நடந்த பன்னிரண்டு நாட்கள்

லிபாயோன் ஊர்மன்றக் கட்டடம் ஆகஸ்ட் எட்டாம் தேதி, திங்கட்கிழமை, மதியத் தூக்க நேரத்தில் முதல்முறையாக நகர்ந்தது. அன்றைக்குப் பதினேழு அடி. பச்சைச் சாயம் அடித்த கான்கிரீட் சுவர், தகரக் கூரை, உள்ளே இருந்த இரண்டு மின்விசிறி, பதினான்கு பிளாஸ்டிக் நாற்காலி, கரோக்கே பெட்டி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கடற்கரைப் பாதைப் பக்கமாகத் தள்ளிப்போய் நின்றது. கொடிக்கம்பமும் கூடைப்பந்து வளையமும் பழைய இடத்திலேயே இருந்துவிட்டன. சந்தையில் அன்று கணவாய் கிலோ இருநூற்றெண்பது பெசோ. முந்தைய நாளைவிடப் பத்து குறைவு.

நகர்ந்ததை யாரும் பார்க்கவில்லை. ஒரு மணியிலிருந்து இரண்டரை வரை லிபாயோனில் நாய்கூடக் கண்விழித்திருக்காது. மன்றத்தின் செயலாளர் பெலிங் மட்டும் உள்ளே மேஜைமேல் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். செபு நகரத்துக்குப் போகும் படகில் இருப்பதுபோல மெல்லிய ஆட்டம் ஒன்று வந்ததாகவும், யாரோ தொட்டிலை ஆட்டியதுபோல சுகமாக இருந்ததாகவும் பிற்பாடு சொன்னாள். கண்ணைத் திறந்தபோது சன்னலில் ஈரப்பலா மரம் தெரிந்தது. இருபத்திரண்டு வருடம் அந்தச் சன்னலில் அவள் பார்த்தது கொடிக்கம்பத்தைத்தான்.

அன்று காலை மெர்லிட்டா வந்து போயிருந்தாள். மெர்லிட்டாவுக்கு முப்பத்தொரு வயது. பாதையின் கடைசியில், அம்மா விட்டுப்போன மூங்கில் வீட்டில் இருந்துகொண்டு கருவாடு போட்டு விற்பவள். இடது கையில் இரண்டு விரல்களைத் தென்னங்குச்சி வைத்துத் துணியால் கட்டியிருந்தாள். உடைத்தவன் அவள் புருஷன் ரூபெர்ட்டோ. முந்தைய நாள்தான் சூரைமீன் படகில் பன்னிரண்டு நாள் வேலைக்குப் போயிருந்தான்.

சட்டப்படி ஒவ்வொரு ஊர்மன்றத்திலும் பெண்களுக்கென்று ஒரு மேஜை இருக்க வேண்டும். லிபாயோனிலும் இருந்தது. கரோக்கே பெட்டி அதன்மேல்தான் இருந்தது. பெண்ணொருத்தி வந்து கேட்டால், அடித்தவன் பதினைந்து நாள் அவளை நெருங்கக் கூடாது என்று தடைத்தாள் எழுதி, கேட்ட அன்றே ஊர்த்தலைவர் கையெழுத்துப் போட வேண்டும், சமாதானம் பேசக் கூடாது என்பதும் அதே சட்டம்தான். தலைவர் வெனான்சியோ பேசியதெல்லாம் சமாதானம்தான். புருஷனையும் பெண்டாட்டியையும் எதிரெதிரே உட்கார வைப்பார், கை குலுக்கச் சொல்வார், போட்டோ எடுப்பார், ஆளுக்கொரு குளிர்பானம் வாங்கித் தருவார். பதினோரு வருடமாகப் பதிவேட்டில் ஒரு பெண்ணின் புகாரும் ஏறியதில்லை. புகாரே இல்லாத ஊர் என்று நகராட்சி அவருக்கு வருடாவருடம் கேடயம் கொடுத்தது. கெட்டவர் என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது. ஊரில் பாதிக் கல்யாணங்களுக்கு அவர்தான் ஞானத்தகப்பன். மெர்லிட்டா கல்யாணத்துக்கும் அவர்தான். ஞானத்தகப்பனை அங்கே நினோங் என்பார்கள்.

“நினோங், அந்தத் தாளை எழுதிக் குடுங்க. பத்தொன்பதாம் தேதி அவன் கரைக்கு வரான். மிச்சத்தை வந்து முடிக்கிறேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்.”

“வரட்டும் மகளே. ரெண்டு பேரையும் உக்கார வெச்சுப் பேசுறேன்.”

“மூணு தடவை உக்கார வெச்சுட்டீங்க. மூணு தடவையும் கை குடுக்கச் சொன்னீங்க. இந்தத் தடவை குடுக்கக் கையைத்தான் உடைச்சுட்டான்.”

“உங்க கல்யாணத்துல மெழுகுவத்தி ஏத்தினவன் நான். அதே கையால உங்களப் பிரிக்கிற தாளுல கையெழுத்துப் போடுவேனா? நீயே சொல்லு.”

பெலிங் பதிவேட்டைத் திறந்து தேதியைப் போட்டிருந்தாள். வெனான்சியோ உள்ளங்கையை வைத்து அதை மெதுவாக மூடினார். “எழுதினா கேஸு. எழுதாதவரைக்கும் குடும்ப விஷயம்,” என்றார். மெர்லிட்டா நாற்காலியை அதன் இடத்தில் தள்ளி வைத்துவிட்டு நடந்து போனாள். மன்றத்துக்கும் அவள் வீட்டுக்கும் நானூற்றுப் பன்னிரண்டு எட்டுத் தூரம். மதியம் மன்றம் அவள் போன பக்கமாகக் கிளம்பியது.

அடுத்த நாள் முப்பது அடி. அதற்கடுத்த நாள் ஐம்பது. தென்னங்கள்ளுக் கடையில் ஆண்கள் கூடிப் பேசி, அஸ்திவாரத்துக்கு ரத்தம் பத்தவில்லை என்று முடிவு கட்டினார்கள். எந்தக் கட்டடமானாலும் முதல் தூண் நடும்போது சேவல் அறுத்து ரத்தம் விட வேண்டும். இந்த மன்றத்துக்கு அறுத்தது சேவலே இல்லை என்று கொத்தனார் தோன்யோ அன்றுதான் வாயைத் திறந்தார்.

“டவுன்ல ஐஸ் பெட்டியிலேருந்து எடுத்த கோழி. அதுல ஏது ரத்தம்? தண்ணிதான் வடிஞ்சுது.”

“யாருய்யா வாங்கிட்டு வந்தது?”

“நான்தான். காசு குடுத்தவன் நூத்தி இருபதுதானே குடுத்தான்!”

வியாழக்கிழமை காலை வெள்ளைச் சேவல் அறுத்து நான்கு மூலையிலும் ரத்தம் விட்டார்கள். பிறகு அறுபது ஆண்கள் மூங்கில் கழிகளைச் சுவருக்கடியில் கொடுத்துத் தோளில் ஏற்றினார்கள். வீட்டைத் தூக்கி இடம் மாற்றுவது அந்த ஊர் ஆண்களுக்குப் புதிதல்ல. ஆனால் அவர்கள் தூக்கியதெல்லாம் ஓலை வீடு. கான்கிரீட் மன்றமோ ஓலை வீட்டைவிட லேசாக, காலிக் கூடைபோல மேலே வந்துவிட்டது. பயத்தில் நாலு பேர் கழியை விட்டார்கள். அப்படியும் அது கீழே விழவில்லை. பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்து, வறுத்த சேமியாவும் கள்ளும் முடித்துக்கொண்டு எல்லோரும் தூங்கப் போனார்கள். எழுந்து பார்த்தால் மன்றம் விட்ட இடத்தையும் தாண்டிப் பாதையில் நூறு எட்டுத் தூரம் போயிருந்தது. பின்சுவரில் சேவல் ரத்தம் காய்ந்திருந்தது.

அதன்பிறகு யாரும் தூக்கவில்லை, பந்தயம் கட்டினார்கள். யார் வீட்டுக்குப் போகிறது என்பதுதான் பந்தயம். பெண்கள் யாரும் கட்டவில்லை. அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பாதையோரத்து ஆண்கள் சிலர் அந்த வாரம் திடீரென்று பாத்திரம் கழுவினார்கள், கோழிக்குத் தீனி போட்டார்கள், பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மெர்லிட்டா கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே நாளுக்கு இருமுறை பாதையை நிமிர்ந்து பார்ப்பாள். செபுவுக்கு ஓடிவிடச் சொன்னவர்களிடம், “எங்கம்மா வீட்டை விட்டுட்டு நான் எதுக்கு ஓடணும்? ஓடுறவன் ஓடட்டும்,” என்றாள். கட்டடம் போகும் வேகத்தைக் கணக்குப் போட்டால் பதினாறாம் தேதி அவள் வாசலுக்கு வந்துவிடும். படகு வருவதற்கு மூன்று நாள் முன்னால்.

பதின்மூன்றாம் தேதி மன்றம் கிளிசேரியாவின் ரொட்டிக்கடை வாசலில் நின்றது. பதினான்காம் தேதி அசையவில்லை. பதினைந்தாம் தேதியும் அசையவில்லை.

பெலிங் பதிவேட்டைக் கட்டிப்பிடித்தபடி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். நாய்க்கடி, காணாமல்போன பன்றி, கரோக்கே சத்தம், வேலித் தகராறு தவிர அந்தப் புத்தகத்தில் அவள் எதையும் எழுதியதில்லை. தன் உத்தரவு இல்லாமல் ஒரு எழுத்து எழுதினாலும் வேலை போய்விடும் என்று வெனான்சியோ காலையில்தான் ஆள்விட்டுச் சொல்லியிருந்தார். கிளிசேரியா மாவுக் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது.

“என் கடையை மறைச்சுக்கிட்டு எதுக்கு நிக்குது இது? ரொட்டி விக்க வேணாமா?”

“உங்களுக்குத்தான் நிக்குது போலிருக்கு அக்கா. சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?”

“எனக்கென்ன இருக்கு? அந்த மனுஷன்தான் பக்கவாதம் வந்து படுத்துட்டானே. நான்தான் ஊட்டி விடுறேன்.” கிளிசேரியா மாவை உருட்டி உருட்டிக் கீழே போட்டாள். “பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி இப்படி வாசல்ல வந்து நின்னிருந்தா ஒரு அர்த்தம் இருக்கு.”

“லேட்டாத்தான் வந்திருக்கு. சொல்லுங்க.”

“எழுதுவியா? வேலை போயிடும்டீ.”

பெலிங் பேனா மூடியைக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டாள். கிளிசேரியா சொல்லச் சொல்ல ஏழு பக்கம் ஆனது. பொழுது சாய்ந்து, அடுப்பில் வைத்த ரொட்டி கருகிப்போனதை இருவரும் கவனிக்கவில்லை. முடித்ததும் கிளிசேரியா கையெழுத்துப் போட்டாள். மாவு படிந்த விரல்ரேகை அந்தப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது.

பதினாறாம் தேதி மதியம் மன்றம் கிளம்பியது. பள்ளிக்கூட டீச்சர் வீட்டு வாசலில் நின்றது, ஐந்து பக்கம். ஊர்க்காவலர் ஒருவரின் வீட்டு வாசலில் நின்றது, மூன்று பக்கம். பெண்டாட்டி சொன்ன புகாருக்குக் காவலர் தன் பெயரைத் தானே எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டி வந்தது. எழுத எழுத மன்றத்தின் எடை கூடிக்கொண்டே போனது. அது கடந்த இடத்தில் பாதை கையகலம் பள்ளம் விழுந்தது. ஆனால் நடை வேகமாகிவிட்டது.

வெனான்சியோ பதினேழாம் தேதியிலிருந்து மன்றத்தைவிட்டு வெளியே வரவில்லை. நகரும்போது கையும் களவுமாகப் பிடிப்பதென்று நாற்காலியை நடுவில் போட்டு உட்கார்ந்தார். பெலிங்கை வேலையைவிட்டு நீக்குவதாகச் சொன்னார். அவள் சரி என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டிருந்தாள். பாலில்லாத காப்பி நான்கு கோப்பை குடித்தும் ஒரு மணிக்கு அவர் கண்கள் தாமாக மூடிக்கொண்டன. அப்படி ஒரு தூக்கம் சின்ன வயதில்கூட வந்ததில்லை என்று பிற்பாடு ஒப்புக்கொண்டார். கடலடியில் படுத்திருப்பதுபோல, மேலே யாரோ பல பேர் அவசரமில்லாமல் பேசிக்கொண்டே போவதுபோல.

பத்தொன்பதாம் தேதி இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு அவர் கண்விழித்தபோது கருவாட்டு வாசனை அடித்தது. மன்றத்தின் வாசல் மெர்லிட்டா வீட்டு வாசலோடு நிலையோடு நிலை ஒட்டி, ஈர்க்குகூட நுழையாதபடி நின்றிருந்தது. சன்னலுக்கெல்லாம் கம்பி. வெளியே போக வேண்டுமென்றால் அவள் வீட்டுக்குள் புகுந்து, சமையலறை தாண்டி, பின்கதவு வழியாகத்தான் போக வேண்டும். கடல் பக்கம் படகின் மோட்டார் சத்தம் கேட்டது.

வெனான்சியோ தொப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். கல்யாணத்தன்று பன்றிக்கறி சாப்பிட்டுவிட்டுப் போனவர், எட்டு வருடத்தில் அந்த வீட்டுக்குள் கால் வைத்தது அன்றுதான். கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஆணி ஓட்டை இருந்தது. உள்பக்கம் பூட்டிக்கொள்ளக் கூடாதென்று ரூபெர்ட்டோ கழற்றியிருந்தான். சுவரில் கல்யாணப் போட்டோ மாட்டியிருந்தது. மணமக்களுக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையில் வெனான்சியோ சிரித்துக்கொண்டிருந்தார். ஆனால் போட்டோ ரொம்பத் தாழ்வாக, இடுப்புயரத்துக்குக் கொஞ்சம் மேலே தொங்கியது.

“இத ஏம்மா இவ்வளவு கீழ மாட்டியிருக்க?”

“எடுத்துப் பாருங்க நினோங்,” என்றாள் மெர்லிட்டா சமையலறையிலிருந்து.

எடுத்தார். பின்னால் மூங்கில் சுவரில் ஒரு ஓட்டை. ஒரு பெண்ணின் தலை போகிற அளவு. விளிம்பில் மூங்கில் சிம்புகள் வெளிப்பக்கமாக வளைந்திருந்தன. ஓட்டை வழியே கடல் தெரிந்தது. படகு நங்கூரம் போட்டு, ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். அவர் போட்டோவைக் கையில் பிடித்தபடியே திரும்பி மன்றத்துக்குள் போனார். “பெலிங், அந்தத் தாள் எங்க இருக்கு?” என்று கேட்டார். தாள்கள் கரோக்கே பெட்டிக்கடியில் பதினோரு வருடமாக நசுங்கிக் கிடந்தன. பெட்டியை அவரே கீழே இறக்கினார்.

ரூபெர்ட்டோ தோளில் ஒரு சூரைமீனோடு மேலே ஏறி வந்தபோது, தன் வீட்டு வாசல் இருக்க வேண்டிய இடத்தில் ஊர்மன்றத்தின் பச்சைச் சுவரைப் பார்த்தான். சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனான். பின்கதவில் வெனான்சியோ தாளோடு நின்றிருந்தார். அவருக்கு இரு பக்கமும் கிளிசேரியா உட்பட பதினெட்டு பெண்கள் சும்மா நின்றிருந்தார்கள்.

“என்ன நினோங், இங்க? தள்ளுங்க, வீட்டுக்குப் போகணும்.”

“நினோங்னு கூப்பிடாத. தலைவர் நிக்கிறேன். நின்னு கேளு.” முழுவதையும் வாசித்தார். ஐம்பது எட்டுக்குள் வரக் கூடாது, ஆள் அனுப்பக் கூடாது, மீறினால் போலீஸ், ஜெயில். இரண்டு வரிகளைத் திரும்பவும் வாசித்தார்.

“பேசித் தீத்துக்கலாமே! எப்பவும் அப்படித்தானே பண்ணுவோம்?” என்றான் ரூபெர்ட்டோ.

“அப்படிப் பண்ணித்தான் இந்தச் செவுத்துல ஓட்டை விழுந்திருக்கு. போ.”

அவன் மெர்லிட்டாவைப் பார்த்தான். அவள் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். சூரைமீனை அங்கேயே போட்டுவிட்டு, வந்த படகிலேயே அம்மா ஊருக்குப் போனான். பதினைந்து நாள் முடிந்ததும் நகர நீதிமன்றத்திலிருந்து நீண்ட தடை வந்தது. பெலிங் எழுதிக் கொடுத்த பக்கங்களை வைத்துத்தான் அது கிடைத்தது. மெர்லிட்டாவின் விரல்களில் ஒன்று நேரானது. மற்றது இன்றுவரை மடங்காது.

அந்த வருடம் பதிவேட்டில் முப்பத்தொன்பது புகார் ஏறியது. நகராட்சி கேடயம் தரவில்லை. எதனால் ஊர் இப்படிக் கெட்டுப்போனது என்று விசாரிக்க வந்த அதிகாரி மதியம் மன்றத்திலேயே தூங்கிவிட்டு, மறுநாள் தன் அலுவலகத்துக்கும் அப்படியொரு பதிவேடு வாங்கச் சொல்லிக் கடிதம் எழுதினார். அடுத்த தேர்தலில் வெனான்சியோ நூற்று நான்கு ஓட்டில் பெலிங்கிடம் தோற்றார். தோற்ற மறுநாள் வந்து சாவியை ஒப்படைத்துவிட்டு, அலமாரியில் இருந்த கூடைப்பந்துக் கோப்பைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்துப் போனார். ஞானத்தகப்பனாக நிற்பதை அவர் விடவில்லை. ஆனால் கல்யாணமான மூன்றாம் மாதம் சொல்லாமல் கொள்ளாமல் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சுவர்களைப் பார்த்துவிட்டு வருவார்.

மன்றம் மெர்லிட்டா வாசலில் ஒரு மாதம் நின்றது. பிறகு மலைப் பக்கம் போனது, ஓடை தாண்டிப் போனது, ஒருமுறை பாதிரியார் வீட்டு வாசலில்கூட நான்கு நாள் நின்று ஊரைப் பேச வைத்தது. கடிதம் கொண்டுவருபவர் இப்போது முதலில் சந்தையில் நின்று அது எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொள்கிறார். ஒரு மணியிலிருந்து இரண்டரை வரை லிபாயோனில் யாரும் பாதையில் கருவாடு காயப்போடுவதில்லை, வண்டி நிறுத்துவதில்லை. மன்றம் போகிற வழி.