கல் கழுவுகிறவர்

ரயில் டிரைவர் நாற்காலியில் சாய்ந்து கழுத்தை நீட்டியதும் சலூன்காரர் கத்தியைத் தீட்டுக்கல்லில் இன்னும் நாலு இழுப்பு இழுத்தார். பரீட்சைக்குப் போகிற பையன் கடைசி நிமிஷத்தில் புத்தகத்தைப் புரட்டுவானே, அந்த மாதிரி. இத்தனைக்கும், ஓய்வு பெற்ற அந்த டிரைவரின் முகம் அவருக்குத் தன் சொந்த முகத்தைவிடப் பழக்கம். தாடைக்குக் கீழே முடி இடப்பக்கமாகச் சுழியும். மோவாயில் ஒரு தழும்பு, அங்கே மட்டும் கத்தியைப் படுக்கவைத்து இழுக்க வேண்டும். கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வார்.

ஆனால் கத்தி வழுக்கிக்கொண்டு போகவில்லை, முடியைப் பிடுங்கிக்கொண்டு போனது. டிரைவரின் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. கழுத்தில் பொட்டுப் பொட்டாக ரத்தம். படிகாரத்தை வைத்ததும் மனிதர் உஸ்ஸென்றார்.

"என்னப்பா, கோழி உரிக்கிற மாதிரி உரிக்கிற?"

"கத்தி கொஞ்சம் பதம் தப்பிருக்கு சார். நாளைக்குச் சரியாயிடும்."

"உன் 'நாளைக்கு' வந்தபாடில்லையே." டிரைவர் துண்டால் கழுத்தை ஒற்றிக்கொண்டு எழுந்தார். "கொஞ்ச நாளைக்கு நான் வீட்டுலயே பண்ணிக்கிறேன். மனசுல வச்சுக்காத, என்ன?" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், இந்தத் தட்டலை எப்படித் தாங்குவது?

கை போய்விட்டது. சலூன்காரர் அப்படித்தான் முடிவு கட்டினார். விரல்களை விரித்துக் கண்ணாடி முன்னால் பிடித்துப் பார்த்தார். நடுக்கம் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் வேறு எதைக் குறை சொல்ல முடியும்? கத்தி நல்ல இரும்பு. தீட்டுக்கல்லையும் குறை சொல்ல வழியில்லை, ஏனென்றால் அதை விடுமுறை நாள் தவறாமல் அவரே கழுவுகிறார். சோப்புப் போட்டு, பழைய பல் பிரஷால் தேய்த்து, நிழலில் காயவைத்து, பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரிக் கழுவுகிறார். அது மனைவி பார்த்துக்கொண்டிருந்த வேலை.

அந்தக் கதையையும் சொல்லிவிட வேண்டியதுதான். மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கியபோது, "ரெண்டு பேருமாப் போயிட்டு வருவோங்க" என்று மனைவி கேட்டாள். கடையை எவன் பார்ப்பான் என்று இவர் எரிந்து விழுந்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். சனியன், வாய் சும்மா இருந்தால்தானே! "நீ போயேன். நீ இல்லேன்னா இங்க என்ன நின்னுடப் போகுது? வாரத்துக்கு ஒரு நாள் கல்லைக் கழுவுற. அதை நான் கழுவிக்க மாட்டேனா?"

புடவையை மடித்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவில்லை. "சரி, கழுவிக்கங்க" என்றாள். போனாள். பேரன் இப்போது தவழ்கிறானாம்.

மகள் அவ்வப்போது போன் செய்வாள். "அம்மாகிட்டக் குடுக்கவாப்பா?" என்பாள். "வேணாம், கடையில ஆள் இருக்கு" என்பார் இவர், காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே. வீட்டுக்குப் போனால் பூட்டைத் திறக்கும்போதே "வந்துட்டேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். சமைத்தால் இரண்டு பேருக்கு ஆகிவிடும், ஒற்றை ஆளுக்கு அளவு போட அவருக்குக் கைவரவேயில்லை. அவள் வர வேண்டும் என்று அவருக்கு ஆசை இருந்தது. ஆசை என்ன, தவிப்பே இருந்தது. வா என்று கூப்பிடத்தான் நாக்கு எழவில்லை.

இப்போது கையும் போய்விட்டது. டிரைவர் போன மறுநாள் சலூன்காரர் கத்தியையும் கல்லையும் துணியில் சுற்றிக்கொண்டு, அவருக்குச் சாமான் கொடுக்கிற கத்திக்கடைக்குப் போனார்.

"தம்பி, இதை எடுத்துக்க. யாராவது கேட்டாக் குடு. எனக்குக் கை போயிடுச்சு."

கத்திக்கடைக்காரர் கத்தியை விரித்துப் பார்த்தார். பிறகு கல்லை எடுத்தார். ஓர் இரும்பு ஸ்கேலின் விளிம்பை அதன்மேல் நீளவாக்கில் நிறுத்திவைத்து, வாசல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"அண்ணே, இங்க வாங்க. ஸ்கேலுக்கு அடியில என்ன தெரியுது?"

"வெளிச்சம் தெரியுது."

"தெரியக் கூடாது. நடுவுல குழி விழுந்திருக்கு. குழி மேல வச்சா கத்தி வாய் முழுசாப் படியுமா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். உங்க விஷயத்துல நிஜமாவே கூடம்தாண்ணே கோணல். உங்க கையில ஒரு கோளாறும் இல்ல. இவ்வளவு நாளா இதை மட்டம் பண்ணிட்டிருந்தது யாரு?"

"மட்டமா? கழுவுறதுதான். வீட்டுல கழுவுவா."

"கழுவினா அழுக்குப் போகும், குழி போகுமா? பென்சில்ல குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு, கண்ணாடி மேல உப்புத்தாளை விரிச்சு, தண்ணி விட்டுத் தேய்க்கணும். அத்தனை கோடும் அழியிற வரைக்கும். கல்லு பாதியாத் தேஞ்சிருக்கு, ஆனா நாலு மூலையும் ஒரே கனம். யாரோ கண்ணும் கருத்துமாப் பண்ணியிருக்காங்கண்ணே."

பென்சில்! கடையில் காத்திருப்பவர்கள் குறுக்கெழுத்துப் போடுவதற்காகப் பேப்பரோடு ஒரு பென்சில் வைப்பார். வைத்த பென்சில் நாலு நாள் தங்காது. "பென்சிலைத் திங்கிறியா என்ன?" என்று மனைவியைக் கேலி செய்வார். அவளும் சிரிப்பாள். விடுமுறை நாள் மத்தியானம், இவர் குறட்டை விட்டுக்கொண்டிருக்கையில், அவள் கோடு போட்டிருக்கிறாள். ஏன் சொல்லவில்லை? இவர் ஏன் கேட்கவில்லை? தீட்டிய மரத்திலேயே கூர் பார்த்துவிட்டோமே என்று வழியெல்லாம் தன்னைத் திட்டிக்கொண்டே, கத்தியும் கல்லுமாக வீட்டுக்கு வந்தார்.

தேடியதில் எல்லாம் கிடைத்தன. துவைக்கிற இடத்தில், சோப்புப் பெட்டிக்குப் பின்னால், பழைய புடவைத் துண்டில் சுற்றிய தடித்த கண்ணாடி. பவுடர் டப்பாவில் குட்டிக் குட்டிப் பென்சில்கள். அதன் பக்கத்திலேயே மடித்த உப்புத்தாள்கள், ஒரு ஸ்கேல். தரையில் உட்கார்ந்து கல்லில் கோடு போட்டுத் தேய்த்தார். ஓரத்துக் கோடுகள் உடனே அழிந்தன. நடுவில் இருந்தவை அசைவேனா என்றன. இடுப்பு விட்டுப்போனது. சாம்பல் நிறச் சேறு முழங்கை வரை வழிந்தது. கழுவி, மறுபடி கோடு போட்டு, மறுபடி தேய்த்து, ஒருவழியாகக் கடைசிக் கோடும் போனது. ஸ்கேலை வைத்துப் பார்த்தார். வெளிச்சம் இல்லை.

சந்தோஷத்தில் கத்தியை எடுத்துக் கல்லில் ஓர் இழுப்பு இழுத்தார். ஓரத்தில் 'டிக்'கென்றது. கத்தியின் வாயில் கடுகளவு சில்லு பெயர்ந்துவிட்டது.

அடப் பாவமே என்று தலையில் கை வைத்தவருக்கு, அடுத்த நிமிஷமே மனசு துள்ளியது. போன் செய்ய ஒரு காரணம் கிடைத்துவிட்டதே!

"அம்மாகிட்டக் குடு" என்றார்.

"ஏம்ப்பா, கடையில ஆள் இல்லையா?" என்றாள் மகள். அவளுக்கும் அவர் வாய்தான்.

"சொல்லுங்க" என்றது அந்தக் குரல்.

மனசுக்குள் கோத்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. "கல்லை மட்டம் பண்ணினேன்" என்றார்.

அந்தப் பக்கம் பேரன் ஏதோ மழலை பேசினான். பிறகு அவள், "ஓரத்தை மழுக்கினீங்களா?" என்றாள்.

"எந்த ஓரத்தை?"

"மட்டம் பண்ணினதும் கல்லோட ஓரம் கூராயிடும். சாய்ச்சுப் பிடிச்சு நாலு பக்கமும் லேசாத் தேய்க்கணும். இல்லேன்னா கத்தி வாயை அடிச்சிடும். அடிச்சிடுச்சா?"

"அடிச்சிடுச்சு."

குத்திக்காட்ட இதைவிட நல்ல சமயம் கிடைக்குமா? அவள் குத்திக்காட்டவில்லை. நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனாள். முதலில் எந்தத் தாள், கடைசியில் எந்தத் தாள். சேறு தாளில் அடைத்துக்கொண்டால் பிரஷால் எப்படித் தட்டுவது. கல்லை ஏன் வெயிலில் வைக்கக் கூடாது. தாள் எந்தக் கடையில் நன்றாக இருக்கும். கண்ணாடியின் ஒரு மூலை உடைந்திருக்கிறது, அந்தப் பக்கம் கை வைக்க வேண்டாம். இவர் உம் கொட்டிக்கொண்டே வந்தார். பாதியில்தான் திக்கென்றது. திரும்பி வருகிற எண்ணம் இருப்பவள், 'மிச்சத்தை நான் வந்து பாத்துக்கிறேன்' என்று ஒன்றையாவது விட்டுவைக்க மாட்டாளா? இவள் சாவிக்கொத்தை எண்ணி ஒப்படைக்கிற மாதிரி ஒப்படைக்கிறாளே! அவருக்குப் பயமாக இருந்தது.

"அவ்வளவுதான். இனிமே எல்லாம் நீங்களே பாத்துக்கலாம். வச்சிடட்டுமா?"

நான் அன்றைக்குச் சொன்னது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் என்ன? வாய் வந்தால்தானே. அவள் சொன்னது அத்தனையும் அவருக்குப் புரிந்திருந்தது, கேட்டால் அப்படியே ஒப்பித்துவிடுவார்.

"இரு இரு. ஒண்ணும் புரியல" என்றார்.

"எது புரியல?"

"எதுவுமே புரியல. மொதல்லேர்ந்து சொல்லு."

 வைத்துவிட்டாளோ என்று போனைக் காதோடு அழுத்திக் கேட்டார். குழந்தையை யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். நாற்காலி ஒன்று தரையில் இழுபட்டது.

"பென்சிலை எடுத்துக்கங்க" என்றாள்.

"எடுத்துட்டேன்" என்றார். பென்சில் இன்னும் பவுடர் டப்பாவிலேயே கிடந்தது.