பாட்டிலுக்குள் இருந்த காவல்

1

அன்று சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, எங்கள் மகன், செல் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் மருமகள், அழைக்காமலே வந்த என் தம்பி. வேறு யாரும் இல்லை. தானும் இருந்ததாகச் சொல்லிக்கொள்பவரை நம்ப வேண்டாம்.

இந்தக் கதை பிறந்தது தம்பியின் வாயிலிருந்து.

"அண்ணே, மருமகள ஆய்வகத்துல இருந்து வெளிய அனுப்பிட்டாங்களாமே? ஆராய்ச்சில பொய்க் கணக்கு காட்டினதா ஊரே பேசுது."

"ஊருன்னா யாரு? நீங்களும் உங்க வீட்டுக்காரியுமா?" என்றாள் என் மனைவி.

மருமகள் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "ஒரு தப்பு நடந்தது உண்மைதான், சின்ன மாமா" என்று ஆரம்பித்தாள். கையமர்த்தினேன். வாயால் வந்ததை எழுத்தால் அடக்குவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: 'அப்பழுக்கற்ற ஒரு பெண் இருந்தாள். அவள்…'

[விட்டுவிட்டேன். அப்பழுக்கற்றவள் தினமும் காலையில் சாவியைத் தேடி வீட்டைப் புரட்டிப்போட மாட்டாள்.]

இரண்டாம் தொடக்கம்: தைராய்டு செல் தன் ஹார்மோனைச் செய்ய அயோடினைப் பிணைக்க வேண்டும். அதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடு தேவை. அந்த நஞ்சைச் செல் தானே தயாரித்துக்கொள்கிறது. மிஞ்சினால் அதுவே செல்லை அரித்துவிடும். மிஞ்சியதை நொதிகள் வாளை உருவிக்கொண்டு…

தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துச் சிரித்தாள் மருமகள். "வாளெல்லாம் இல்ல மாமா. உடைச்சு தண்ணியாக்கிடும். அவ்வளவுதான்."

வாள் போயிற்று.*

* எனக்கு அந்த வாள் பிடித்திருந்தது.

3

நடந்தது இது. அந்த நொதிகளில் ஒன்றை அவள் செயலிழக்கச் செய்து, செல்கள் மீது பெராக்சைடை ஊற்றினாள். செல்கள் செத்திருக்க வேண்டும். சாகவில்லை. அப்படியானால் யாருக்கும் தெரியாத வேறொரு காவல் செல்லுக்குள் இருக்கிறது! ஆய்வகமே கொண்டாடியது. நான் முடிதிருத்துபவர் வரைக்கும் சொல்லிவிட்டேன்.

அவளுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. "அதுங்க அவ்வளவு ஜோரா இருந்ததுதான் மாமா எனக்கு உறுத்துச்சு" என்றாள் பின்னால்.

தேடிப் பார்த்தாள். செல்களை வளர்க்க பாட்டிலில் வரும் திரவத்தில் பைருவேட் என்ற பொருள் கலந்திருந்தது. பெராக்சைடு செல்லைத் தொடும் முன்பே பைருவேட் அதைத் தீர்த்துக்கட்டியிருக்கிறது. காவல் இருந்தது செல்லுக்குள் அல்ல, பாட்டிலுக்குள். பைருவேட் இல்லாத திரவத்தில் மறுபடி செய்தாள். நொதி முடங்கிய செல்கள் மடிந்தன, மற்றவை பிழைத்தன. பழைய நொதியே உண்மையான காவல். ஆய்வகக் கூட்டத்தில் எழுந்து நின்று தன் முடிவைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டாள்.

4

இங்கேதான் என் பேனா சண்டித்தனம் செய்தது. குடும்ப மானம் என்று ஒன்று இருக்கிறதே. எழுதினேன்: 'அந்தத் திரவத்தை மாற்றி எடுத்துக் கொடுத்தவர் ஓர் உதவியாளர்…'

படித்தாள். இந்த முறை சிரிக்கவில்லை.

"ஊத்தினது நான். லேபிளப் படிக்காம விட்டதும் நான்."

"கதைதானேம்மா."

"இப்படி எழுதினா சின்ன மாமா சொன்னது நிஜமாயிடும். இதுதான் பொய்க் கணக்கு. என் பேச்ச அங்க இனிமே யார் நம்புவாங்க?"

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மகன் குரல் கொடுத்தான். "அப்பா, இல்லாத உதவியாளருக்கு எதுக்கு இருக்கிற பழி?"

நான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். இந்த வீட்டில் யாரிடமும் நான் தலை குனிந்ததில்லை. அவள் மெல்ல என் கண்ணாடியை எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள்.

"நீங்களும் அந்த பைருவேட் மாதிரிதான் மாமா. எதையும் என்கிட்ட வரவே விடறதில்ல."

இதைவிட நல்ல வசவு எனக்குக் கிடைத்ததில்லை.

[உதவியாளரைக் கோடிட்டு அடித்துவிட்டேன்.]

5

முடிவுகள் சில கைவசம் உள்ளன. அவளுக்கு ஒரு விருது: யாரும் கொடுக்கவில்லை, ஆகவே எழுதுவதற்கில்லை. தம்பி மனம் வருந்துகிறான்: அவன் பிறந்த நாளிலிருந்து அவனை எனக்குத் தெரியும். இதைப் படித்ததும் அவன் என்ன சொல்வான் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது.

என் மருமகளை ஆய்வகத்திலிருந்து யாரும் அனுப்பவில்லை. தவறு அவளுடையது, அதைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். இன்று காலையும் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள்.